கடன்சிறைக்குச் சோறு போட்ட வீடு

பழைய ஜெயிலை இடித்து முடித்த மறுநாள் மதியம், கொசக்கடைத் தெருவிலுள்ள கோவிந்தராசு கட்டளை வீட்டில், செத்து நூறு வருஷத்துக்கு மேலான பதினொரு பேர் சாப்பிட வந்து உட்கார்ந்தார்கள். அன்றைக்குப் புதன்கிழமை. சமையல்காரி சின்னப்பாப்பா முருங்கைக்காய் சாம்பார் வைத்திருந்தாள். வந்தவர்கள் முழங்காலுக்கு மேல் ஏறிய வேட்டி மட்டும் கட்டியிருந்தார்கள். தலைமுடியிலும் தோளிலும் சுண்ணாம்புத் தூள் படிந்திருந்தது. இடிப்பு வேலைக்கு வந்த கூலியாட்கள் என்று நினைத்து அவள் இலை போட்டுச் சோறு வைத்தாள். சாம்பார் வாளியோடு திரும்பி வந்தபோதுதான், பின்னாலிருந்த ஜன்னல் கம்பிகள் அவர்களுடைய உடம்பின் வழியாகத் தெரிவதைக் கவனித்தாள். எல்லாருக்கும் சாம்பார் ஊற்றி முடித்துவிட்டு, உள்ளே போய் அமுதவல்லியிடம் சொன்னாள்.

அமுதவல்லி அந்த அன்னதானக் கட்டளையை நடத்தும் ஐந்தாம் தலைமுறை. மின்துறையில் டைப்பிஸ்ட்டாக இருந்தவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அப்பா இறந்த பிறகு கட்டளைப் பொறுப்பு அவளிடம் வந்தது. கட்டளையை ஏற்படுத்திய கோவிந்தராசு பிரெஞ்சுக்காரர் காலத்தில் அரிசி மண்டி வைத்திருந்தவர். ஜெயிலுக்கு அவர்தான் அரிசி சப்ளை. கடனைத் திருப்பித் தர முடியாதவனைப் பிடித்து உள்ளே போடுகிற சட்டம் அப்போது இருந்தது. ஒருநாள் மூட்டை இறக்கும்போது, கடனுக்காக அடைபட்டிருந்த ஒருவன் கம்பிக்கு வெளியே கையை நீட்டி, தரையில் சிந்திய அரிசியை விரலில் ஒற்றியெடுத்து வாயில் போட்டுக்கொள்வதைக் கோவிந்தராசு பார்த்துவிட்டார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. அந்த வாரமே பத்திரம் எழுதும் நொத்தேரிடம் போய், பாகூரிலிருந்த நஞ்சையையும் கொசக்கடைத் தெரு வீட்டையும், கடன்பட்டுச் சிறையிலிருப்பவர்களின் சோற்றுக்கென்று எழுதி வைத்தார். அன்று முதல் தினமும் இரண்டு கூடைச் சோறு ஜெயில் வாசலுக்குப் போனது. ஊரே அவரைக் கும்பிட்டது. முதல் மாலையைக் கடன் கொடுத்தவர்கள் சேர்ந்து போட்டார்கள் என்று அமுதவல்லியின் வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். சட்டங்கள் மாறி, கடன்பட்டவர்களை அடைப்பது அரிதாகிப் போனபின், கட்டளைச் சோறு வேறு ஏழைகளுக்குப் போயிற்று. அமுதவல்லி காலத்தில் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் நோயாளிகளோடு வந்து தங்கியிருப்பவர்களுக்குப் பொட்டலம் கட்டி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அமுதவல்லி கூடத்துக்கு வந்து பார்த்தாள். பதினொரு பேரும் சம்மணம் போட்டு, கையை மடியில் வைத்து, இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் சோற்றைத் தொடவில்லை. அவள் வாசலுக்குப் போய் யாரையாவது கூப்பிடலாம் என்று கதவை இழுத்தாள். கதவு வெளியே தாழ் போட்டிருந்தது. தெருவில் நின்றவர்களைக் கேட்டதற்கு, யாரும் போடவில்லை, தாழ்ப்பாள் தானாக விழுந்தது என்றார்கள். அவர்கள் இழுத்துப் பார்த்தும் அது அசையவில்லை. இரண்டு மணிவாக்கில் பதினொரு பேரும் எழுந்தார்கள். தாழ்ப்பாள் தானாகவே விலகியது. அவர்கள் வரிசையாக நடந்து, ஜெயில் இருந்த இடத்துக்குப் போய், இடிபாட்டுக்கு நடுவே நின்றார்கள். பின்னாளில் அந்த இடத்தில் வண்டிகளை நிறுத்தத் தொடங்கியபோது, ஸ்கூட்டர்களுக்கு இடையில் நின்றார்கள். மறுநாள் மதியம் மறுபடி வந்தார்கள்.

முதல் வாரம் பார்க்க நல்ல கூட்டம். வாசலில் ஒருவர் வேர்க்கடலை வண்டி போட்டார். குருக்கள் ஒருவர் வந்து ஹோமம் வளர்த்தார். பதினொரு பேரும் புகைக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள். மாதா கோயிலிலிருந்து ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்தார். அவர்களில் இரண்டு பேர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர், பேசிப் பார்க்கலாம் என்று பிரெஞ்சில் அவர்களுடைய பேரைக் கேட்டார். கேட்டதும் பதினொரு பேரும் சட்டென்று எழுந்து, கைகளைப் பின்னால் கட்டி, சுவரோடு ஒட்டி நின்றார்கள். பெரியவர் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அதன்பிறகு அவர் மார்க்கெட்டுக்கு வேறு தெரு வழியாகப் போனார். மழை தொடங்கியதும் கூட்டம் குறைந்தது. பொங்கலுக்குப் பிறகு யாரும் வரவில்லை.

உட்கார்ந்தவர்களுக்கு இலை போடாமல் இருப்பது எப்படி என்று அமுதவல்லி தினமும் போட்டாள். அவர்கள் முன் வைத்த சோற்றைக் காக்கை தொடவில்லை. மாட்டுக்கு வைத்தால் மாடு முகர்ந்துவிட்டு விலகியது. கொல்லையில் தென்னை மரத்தடியில் புதைத்தார்கள். தென்னை காய்ப்பதை நிறுத்தியது. சோறு இலையில் விழுந்ததும் வாசல் தாழ்ப்பாள் விழுவதற்கு அந்த வீடு பழகிக்கொண்டது. தபால்காரர் அந்த நேரத்தில் வருவதில்லை. கேஸ் சிலிண்டரைக் காலையிலேயே இறக்கிவிடுவார்கள். ஒருநாள் சின்னப்பாப்பாவின் தங்கை ஆஸ்பத்திரியில் மூச்சுவிட முடியாமல் கிடப்பதாகப் போன் வந்தது. தாழ்ப்பாள் விலகி அவள் போய்ச் சேர்வதற்குள் தங்கை இறந்துவிட்டாள். அதைச் சொல்லி அவள் யாரையும் திட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு சோறு வைக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்காமல் வைத்தாள்.

இப்படிப் பத்து வருஷத்துக்கு மேல் போயிற்று. அமுதவல்லிக்குத் தலை நரைத்தது. அவளை உறுத்தியது ஒன்றுதான். தினமும் சோறு போட்டும் அவர்கள் இளைத்துக்கொண்டே வந்தார்கள். முதல் வருஷம் ஜன்னல் கம்பி மட்டும் தெரிந்த உடம்பின் வழியாக, இப்போது கொல்லையில் காயும் துணியின் கரை தெரிந்தது. வரிசையின் முதலில் உட்காரும் நெட்டையான ஆள் குனிந்து உட்காரும்போது முதுகெலும்பு மணிமணியாகத் தெரிந்தது. சமையலில்தான் குறையோ என்று நெய் சேர்த்தாள், வடை போட்டாள், கிழமைக்கு ஒரு பாயசம் வைத்தாள். அவர்கள் இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் வீராயி வந்தாள். வீராயிக்குப் பெரிய மார்க்கெட்டில் மொத்தப் பூ வியாபாரம். மகள் கார்குழலியை நர்சிங் படிக்கவைக்க வில்லியனூர்ப் பக்கமிருந்த மனையை விற்று மூன்று லட்சம் வைத்திருந்தாள். அதை, ஆறு மாதத்தில் தருகிறேன் என்று ராஜவேல் வாங்கினான். ராஜவேல் நோணாங்குப்பத்தில், படகுச் சவாரிக்குப் போகிறவர்கள் நடக்கும் பாதையில், இளநீரும் தொப்பியும் வறுத்த மீனும் விற்றுக்கொண்டிருந்தவன். கடையைப் பெரிதாக்கினான். புயல் வந்து கடையை ஆற்றுக்குள் கொண்டுபோயிற்று. முதல் வருஷம் அவனிடம் நிஜமாகவே காசு இல்லை. இரண்டாம் வருஷம் கொஞ்சம் இருந்தது; அதில் ஒரு பைக் வாங்கினான். அந்தப் பைக்கை வீராயி மார்க்கெட் வாசலில் வைத்துப் பார்த்துவிட்டாள். கார்குழலி படிப்பை நிறுத்தித் துணிக்கடைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நேரம் அது. வீராயி கோர்ட்டுக்குப் போனாள். தீர்ப்பு அவள் பக்கம் வந்தது. அதற்கும் ராஜவேல் பணம் கட்டவில்லை. இன்றைக்கு நாளைக்கு என்று சொல்லி ஒளிந்து திரிந்தான். கடைசியில் கோர்ட் அமீனா பிடித்துக்கொண்டு போக, சிவில் ஜெயிலில் அடைத்தார்கள்.

“எங்காசத் தின்னவனுக்குச் சோத்துக்கும் நானே காசு கட்டணுமாம்மா,” என்றாள் வீராயி. “கோர்ட்ல மாசா மாசம் முன்னாடியே கட்டணுமாம். ஒரு மாசம் கட்டிட்டேன். அடுத்த மாசத்துக்கு எங்கிட்ட இல்ல. கடன்பட்டு உள்ள கெடக்கறவனுக்குச் சோறு போடத்தானே உங்க கட்டள இருக்குது. நீங்க கட்டுங்க.”

அமுதவல்லிக்குக் கண் கலங்கியது. அவள் வாழ்நாளில் கட்டளை அதற்குரிய வேலையைச் செய்ததே இல்லை. கடன்பட்டுச் சிறையிலிருக்கும் ஒரு மனிதனின் பெயரை அவள் கேட்பது அதுதான் முதல் தடவை. திங்கட்கிழமை கோர்ட்டுக்கு வந்து கட்டிவிடுகிறேன் என்று சொன்னாள். வீராயி போனபின், அப்பாவின் படத்துக்கும் கோவிந்தராசுவின் படத்துக்கும் விளக்கேற்றினாள். அன்று மதியம் வந்த பதினொரு பேரும் உட்காரவில்லை. அவளுக்கும் வாசலுக்கும் நடுவே நின்றார்கள். நெட்டையான ஆள் கையை உயர்த்தி, உள்ளங்கையை அவள் பக்கம் காட்டினார். ஆசீர்வாதம் செய்கிறார் என்று நினைத்து அமுதவல்லி குனிந்து கும்பிட்டாள்.

“எனக்கின்னாவோ ஆசீர்வாதமாத் தெரியலக்கா,” என்றாள் சின்னப்பாப்பா.

ஞாயிற்றுக்கிழமை ராஜவேலின் மனைவி துர்கா வந்தாள். எட்டு மாதக் கர்ப்பம். நோணாங்குப்பத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததில் கால் வீங்கியிருந்தது. நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று அமுதவல்லி நினைத்தாள். உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, உன் புருஷனுடைய சாப்பாட்டுக்கு நான் பொறுப்பு, நீ கவலைப்படாதே என்றாள். துர்கா மோரைக் கீழே வைத்துவிட்டாள்.

“கட்டாதீங்கம்மா,” என்றாள். “அவருக்குச் சோத்துக் காசு கட்டாதீங்க.”

அமுதவல்லிக்குப் புரியவில்லை. துர்கா வக்கீல் சொன்னதை ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடனுக்காக அடைக்கப்பட்டவனின் சாப்பாட்டுக் காசைக் கடன் கொடுத்தவர்தான் கட்ட வேண்டும். அவர் கட்டாமல் விட்டால், கோர்ட் அவனை வைத்திருக்காது, வெளியே விட்டுவிடும். வீராயியிடம் அடுத்த மாதத்துக்குக் காசு இல்லை. ராஜவேல் வெளியே வந்துவிடுவான், பிரசவத்துக்குக் கூட இருப்பான் என்று துர்கா நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் யாரோ புண்ணியவதி சோற்றுக் காசு கட்டப் போகிறாள் என்று மார்க்கெட்டில் பேசிக்கொண்டார்கள்.

“அவரு பண்ணது தப்புதாம்மா. நான் இல்லன்னு சொல்லல. ஆனா நீங்க சோறு போட்டீங்கன்னா அவரு உள்ளயே கெடப்பாரு.”

துர்காவை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு வந்த அமுதவல்லி, கூடத்தில் நின்றாள். தினமும் பதினொரு இலை விழுகிற தரை துடைத்துச் சுத்தமாக இருந்தது. பிரெஞ்சுக்காரர் காலத்திலும் அதே ஏற்பாடுதான் இருந்திருக்குமோ என்று ஒரு நினைப்பு வந்து, அதைத் தள்ளிவிட்டு வேறு வேலை பார்க்கப் போனாள். வேறு வேலை ஓடவில்லை.

திங்கட்கிழமை அவள் கோர்ட்டுக்குப் போகவில்லை. மதியம் அவர்கள் வந்து உட்கார்ந்ததும், சோறு எடுத்து வந்த சின்னப்பாப்பாவை நிறுத்தினாள். நெட்டையான ஆளின் எதிரே தரையில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அவர்களுக்கு எதிரே அவள் உட்கார்ந்ததில்லை.

“உங்க பேரு இன்னாங்கய்யா?”

நெட்டையான ஆள் இலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு பதில் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பேசுவது போல் இருந்தது குரல். “பக்கிரி.”

எதற்காகக் கடன் வாங்கினீர்கள் என்று கேட்டாள். ஒரு ஜோடி மாட்டுக்காக என்றார். மாடு இரண்டும் கோமாரியில் போய்விட்டன. எத்தனை காலம் உள்ளே இருந்தீர்கள் என்று கேட்டாள்.

“கடன் குடுத்தவன் மூணு மாசம் எனக்குச் சோத்துக் காசு கட்டினான். அப்புறம் அலுத்துப்போயி விட்டுட்டான்,” என்றார் பக்கிரி. “காலையில சாவி எடுத்துக்கினு வந்தாங்க. நான் எழுந்து நின்னேன். வீட்டுக்குப் போனா மொதல்ல கெணத்துல குளிக்கணும்னு நெனச்சேன். அப்ப உங்க ஆளு கூடையத் தூக்கிக்கினு வந்தாரு. இவனுக்குத்தான் சோத்துக்கு வழி இருக்குதேன்னு சொல்லிட்டு, சாவி திரும்பிப் போயிடுச்சு.”

“அப்புறம்?”

“சோறு நல்லா இருந்துச்சு தாயி. ஒம்போது வருசம் தின்னேன்.”

மற்ற பத்துப் பேரும் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டளைச் சோறு வரத் தொடங்கியதும், யாரையும் துணிந்து உள்ளே தள்ளலாம் என்று கடன் கொடுத்தவர்களுக்கு ஆகிவிட்டது, கைக்காசு செலவில்லை என்று பக்கிரி சொன்னார். மாலை போட்டவர்கள் அவர்கள்தான் என்பது அமுதவல்லிக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

“எங்க கோவிந்தராசுப் பாட்டனுக்கு இது தெரியுமா?”

பக்கிரி யோசித்தார். “மொதல்ல தெரியாது,” என்றார்.

அவள் அதற்கு மேல் அதைப் பற்றிக் கேட்கவில்லை. இத்தனை வருஷம் இங்கே வந்து உட்கார்ந்தீர்களே, என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டாள்.

“சோறு போடறவங்ககிட்ட எப்பிடிச் சொல்றது,” என்றார் பக்கிரி.

சின்னப்பாப்பா சோற்றுப் பாத்திரத்தை இடுப்பிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள். அடுப்படிக்குப் போய் அடுப்பை அணைத்தாள். அமுதவல்லி எழுந்து, பதினொரு பேரின் முன்னாலிருந்த வெற்று இலைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். பசியோடு உட்கார்ந்தவர்களின் முன்னாலிருந்து இலையை எடுப்பது அவளுக்குக் கூசியது. கடைசி இலையையும் எடுத்தபின் அவர்களைப் பார்த்து, இன்றைக்குச் சோறு இல்லை என்றாள். நாளைக்கும் இல்லை, இனி எப்போதும் இல்லை என்றாள். அதைச் சொல்லும்போது, தன் அப்பாவின் வீட்டிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வெளியே போகிறதே என்று அழுதாள்.

பதினொரு பேரும் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார்கள். அவர்களுக்கு முகம் இருந்தது. பாதிப் பேர் முப்பது வயதைத் தாண்டாதவர்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. எல்லாரும் வாசல் பக்கம் காது கொடுத்துக் காத்திருந்தார்கள். தாழ்ப்பாள் விழவில்லை. கதவு திறந்தபடியே இருந்தது. வெளியே ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பக்கிரி எழுந்து போய்க் கதவை ஒருமுறை சாத்தி, மறுபடி திறந்து பார்த்தார். பிறகு படியிறங்கித் தெருவுக்குப் போனார். மற்றவர்கள் அவர் பின்னால் போனார்கள். ஜெயில் இருந்த பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

சோற்றுக் காசு கட்டுவாரில்லாமல் ராஜவேலை விட்டுவிட்டார்கள். வீராயி கட்டளை வீட்டு வாசலில் வந்து நின்று கத்தினாள். “நீங்களும் அவம்பக்கம்தானா? எம்பொண்ணு துணிக்கடையில நாளெல்லாம் கால் கடுக்க நிக்கிறா. அது உங்களுக்குத் தெரியலயா?” அமுதவல்லி அவளை உள்ளே கூட்டிப்போய், அவன் சோற்றுக்குக் கட்டளை ஒரு பைசா கட்டாது, அவன் கடனில் ஒரு பங்கைக் கட்டும் என்றாள். ஆஸ்பத்திரிப் பொட்டலம் உட்படச் சமையலே நின்றுவிட்டதால் பெரிய பித்தளை அண்டாக்களையும் தவலைகளையும் விற்றார்கள். பாகூர் நஞ்சையின் குத்தகைப் பணத்தையும் சேர்த்ததில் பாதிக் கடன் அடைந்தது. ராஜவேல் பைக் சாவியைக் கொண்டுவந்து வீராயியின் பூக்கூடைக்குள் போட்டான். மீதியைத் தவணையில் கட்டுகிறான். சில மாதம் தவறுகிறது. அப்போது வீராயி நோணாங்குப்பத்துக்குப் போய் அவன் வீட்டு வாசலில் நின்று திட்டுகிறாள். திட்டி முடித்துவிட்டு, துர்காவுக்குப் பிறந்த பெண் குழந்தையைத் தூக்கிக்கொள்கிறாள். கார்குழலி நர்சிங் சேர்ந்துவிட்டாள். பைக்கை விற்ற பணமும் அவள் படிப்புக் கட்டணத்தில் இருக்கிறது.

கட்டளை இப்போது யாருக்கும் சமைப்பதில்லை. கடனுக்கோ அபராதத்துக்கோ உள்ளே போனவர்களுக்கு, முடிந்த மட்டும், அந்தப் பணத்தையே கட்டி வெளியே கொண்டுவருகிறது. சோற்றை நிறுத்திய பாவம் சும்மா விடாது என்று உறவுக்காரர்கள் சிலர் பேச்சு வார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள். கோவிந்தராசுவின் படத்தை அமுதவல்லி கழற்றவில்லை. மதிய நேரத்தில் அவளும் சின்னப்பாப்பாவும் கூடத்தில் உட்கார்ந்து இருப்பதைச் சாப்பிடுகிறார்கள்.

அந்தப் பதினொரு பேரில் எட்டுப் பேர் கடற்கரை வரைக்கும் போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அதற்கு மேல் தெரியவில்லை. இரண்டு பேர் பாகூர் பஸ்ஸில் ஏறினார்கள், கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை. பக்கிரிக்குப் போக இடம் இருக்கவில்லை. தன் ஊர் என்று அவர் சொன்ன பேரில் இப்போது ஊர் எதுவும் இல்லை. சில நாள் மார்க்கெட்டைச் சுற்றி வந்தார். பிறகு பூ லாரி வரும் விடியற்காலையில் கூடை இறக்க நின்றார். மற்ற சுமைக்காரர்கள் கொஞ்ச நாள் அவரிடமிருந்து தள்ளி நின்றார்கள். எடை சரியாகத் தூக்குகிறார், கூலியில் தகராறு செய்வதில்லை என்று தெரிந்ததும் சேர்த்துக்கொண்டார்கள். வீராயியின் கூடைகளையும் அவர்தான் இறக்குகிறார். அவள் அவருக்கு முன்பணம் தர வந்தபோது, வேண்டாம் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். யாராவது டீ வாங்கிக் கொடுத்தாலும் வாங்குவதில்லை.

மதியம் அவர் மார்க்கெட்டுக்குப் பின்னாலுள்ள மெஸ்ஸுக்குப் போகிறார். காசை முதலிலேயே கொடுத்துவிட்டு, வாசலைப் பார்த்த மாதிரி உட்கார்ந்து, அவசரப்படாமல் பிசைந்து, இலையில் ஒரு பருக்கை மீதி வைக்காமல் சாப்பிடுகிறார். முன்பைவிட உடம்பு தேறியிருக்கிறார்; இப்போது அவர் வழியாக ஜன்னல் அவ்வளவாகத் தெரிவதில்லை. சாப்பாடு எண்பது ரூபாய், மீன் வறுவல் என்றால் தனி. அவருக்கும் அதே விலைதான்.